மூன்றாவது இழுப்பறையில் எதிர்காலம்

எதிர்காலத்தை முறைப்படி பெற்றுக்கொண்டு, முத்திரை குத்தி, பதிவெண் கொடுத்து, கோப்பில் வைத்த முதல் நகரம் எங்கள் பெத்ரோலாக்காதான். ஏதென்ஸ்காரர்கள் இதை மறுப்பார்கள். மறுக்கட்டும். அவர்களிடம் இறந்தகாலம் ஏராளமாக இருக்கிறது. வந்தவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

எங்கள் நகராட்சியில் 'நிச்சயமற்ற எதிர்காலத்துக்கான ஆயத்தத் துறை' திறக்கப்பட்ட நாள் முதல் நான் அதில் பணியாற்றுகிறேன். பெயர் திராசிவுலோஸ். இரண்டாம் நிலைத் திட்ட வல்லுநர். பொறுப்பு: பதிவேடு, முத்திரை, சாவிகள்.

அதற்கு முன்பு நாங்கள் வெறும் நகரமைப்புப் பிரிவு. ஜனங்கள் வந்து, "இந்தச் சாக்கடைய எப்ப சரி பண்ணுவீங்க?" என்று கேட்பார்கள். எங்களிடம் பதில் இருக்காது. தலைகுனிவாக இருக்கும். துறையின் பெயர் மாறிய பிறகும் எங்களிடம் பதில் இல்லைதான். ஆனால் இப்போது அது கொள்கை.

இந்த மாற்றத்துக்குக் காரணமான மாமனிதர் எங்கள் இயக்குநர் அரிஸ்தார்கோஸ். வடக்கே ஏதோ ஒரு நாட்டில் மூன்று வாரப் பயிற்சிக்குப் போய்வந்தவர். போகும்போது அவருக்கு எதிர்காலம் ஒன்றுதான் இருந்தது: ஓய்வூதியம். திரும்பி வரும்போது நான்கு எதிர்காலங்களோடும் நான்கு நிறத் தொப்பிகளோடும் வந்தார். நீலத் தொப்பி போட்டவர் வெள்ளம் வரும் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டும். மஞ்சள் தொப்பிக்கு வறட்சி. சாம்பல் தொப்பி, எல்லோரும் ஜெர்மனிக்குப் போய் ஊரே காலியாகும் எதிர்காலம். பச்சைத் தொப்பி, போனவர்கள் எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வந்து இடம் கேட்கும் எதிர்காலம்.

முதல் பயிலரங்கு செவ்வாய்க்கிழமை நடந்தது. எனக்கு நீலம் விழுந்தது.

"வெள்ளம் வரலாம் சார்," என்றேன்.

"வரலாம்னா? எங்கேருந்து?"

"மலையிலேருந்து. மழை பெஞ்சா."

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "திராசோ, நீ இன்னும் பழைய ஆளாவே இருக்கே. ரெண்டாயிரத்து ஐம்பதுல மழை மேலேருந்துதான் பெய்யும்னு உனக்கு யார் சொன்னது?"

அப்படியோர் ஆழம் எங்கள் கட்டிடத்தில் அதற்கு முன் இறங்கியதில்லை. சாம்பல் தொப்பி போட்டிருந்த பெண் அதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சீட்டு விழுந்தது. மறுபடி ஒட்டினாள்.

அந்தப் புனிதமான நொடியில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு அசிமினா வந்தாள்.

ஓடைத் தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள். ஐம்பத்தேழு வயது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, எல்லாம் தரைத்தளம். கணவன் மாந்தோஸ் இரண்டு வருடமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பேச்சு கொஞ்சம் வரும். இடது கால், இடது கை வராது. மகள் லெமோனியா ஸ்டுட்கார்ட்டில் செவிலி.

"தம்பி, நான் வந்த விஷயம் ஒண்ணுதான்," என்றாள். "தெரு உச்சியில ஓடை பூமிக்குள்ள நுழையுற இடத்துல கிராதி இருக்குல்ல, அதுல ஒரு குளிர்பெட்டி சிக்கியிருக்கு. கூட ஒரு மெத்தை. அக்டோபர் மழைக்கு முன்னாடி எடுக்கணும். என் மச்சினன் பாந்தேலிஸ் கிட்ட கிரேன் இருக்கு. அரை மணி நேர வேலை. நீங்க ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். அங்க போற இரும்புக் கேட்டு பூட்டியிருக்கு, அதோட சாவிய மட்டும் குடுங்க."

அந்தச் சாவி என் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் இருந்தது. இருந்தது மட்டுமல்ல, சிவப்பு நாடா கட்டி, எண் எழுதி, எண்ணெய்த் துணியில் சுற்றிப் பாதுகாக்கப்பட்டது.

"அசிமினாம்மா," என்றார் இயக்குநர் கனிவோடு, "எந்த ஓடை?"

"ஓடைத் தெரு ஓடை."

"ஓடைத் தெருவுல ஓடை இருக்குறதா எங்க வரைபடத்துல இல்லையே."

"அம்பது வருஷம் முன்னாடி மேல மூடி ரோடு போட்டீங்க. அடியில ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

"அது உங்க அபிப்பிராயம்."

"என் கழிவறைக்கும் அதே அபிப்பிராயம்தான் சார். மழை பெஞ்சா பொங்குது."

இங்கே நான் எங்கள் துறையின் நிலைப்பாட்டை விளக்கியாக வேண்டும். அது அறிவின் உச்சம். கேட்டுக்குப் பின்னால் இருப்பது ஓடை என்றால்தான் அதைச் சுத்தம் செய்யச் சாவி கொடுக்கலாம். சாவி கொடுத்தால், ஓடை இருப்பதை நகராட்சி ஒப்புக்கொண்டதாகும். ஓடை இருந்தால், அதன்மேல் இருக்கும் முப்பத்துநான்கு வீடுகளும் சட்டவிரோதம். ஆகவே சாவியைக் கொடுக்காமல் இருப்பதன் மூலம் முப்பத்துநான்கு குடும்பங்களை நாங்கள் தினமும் காப்பாற்றி வந்தோம்.

இதை இயக்குநர் அவளுக்கு எடுத்துச் சொல்லி, கடைசியில் கேட்டார்: "இப்ப சொல்லுங்க. உங்களுக்கு வீடு வேணுமா, சுத்தம் வேணுமா?"

அசிமினா அவருடைய தொப்பியை ஒரு நிமிடம் பார்த்தாள். பச்சை.

"சார், அவரால எந்திரிக்க முடியாது," என்றாள். "தண்ணி வந்தா கட்டில்லயே கிடப்பாரு. நான் ஒருத்தி அவரைத் தூக்க முடியாது. எனக்கு அதுதான் வேணும். அவர் நனையக் கூடாது."

"மனுவா எழுதிக் குடுங்க," என்றார் இயக்குநர்.

எழுதிக் கொடுத்தாள். நான் முத்திரை குத்திப் பதிவெண் கொடுத்தேன். பதில் அனுப்பினோம்: 'தங்கள் கவலை நீலத் தொப்பிப் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளது. எதிர்காலம் நிச்சயமற்றது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அடுத்த செவ்வாய் மறுபடி வந்தாள். அதற்கடுத்த செவ்வாயும். மேயிலிருந்து அக்டோபர் வரை இருபத்துமூன்று மனுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவெண். ஒவ்வொன்றுக்கும் அதே பதில். நான் அவளுக்காக முத்திரைக்குப் புது மை வாங்கினேன். சில நாள் என்னைப் பார்த்தவுடனேயே, "சாவி எந்த இழுப்பறை, தம்பி?" என்று கேட்பாள். "மூணாவது," என்பேன். "நல்லா இருக்கா?" "நல்லா இருக்கும்மா." "வீட்டுல எல்லாரும் சௌக்கியம்ன்ற மாதிரி சொல்றே பாரு," என்று சொல்லிவிட்டு, சலவை செய்த என் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போவாள். என் துணிகளும் அவள் கடையில்தான் வெளுக்கின்றன. தனிப்பட்ட உறவு வேறு, பதிவெண் வேறு.

ஒருநாள் அவள் இல்லாமல் பாந்தேலிஸ் வந்தான். கிரேன்காரன், குரலும் கிரேன்.

"யோவ் திராசோ, பூட்ட உடைச்சிட்டு உள்ள போயிடவா?"

"போலாம். அரசுச் சொத்து சேதம். ரெண்டு வருஷம்."

"நீ சாவிய மேஜை மேல வச்சிட்டு காப்பி குடிக்கப் போ. அவ்வளவுதான்யா கேக்குறேன்."

சலனப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். இழுப்பறையைத் திறந்தேன். சாவியைப் பார்த்தேன். சாவி என்னைப் பார்த்தது. இழுப்பறையை மூடினேன். நேர்மை என்பது இப்படித்தான் நம்மைச் சோதிக்கும்.

இதற்கிடையில் ஒரு நற்செய்தி வந்தது. 'நாளைக்குத் தயாரான நகரம்' என்ற விருதின் இறுதிச் சுற்றுக்கு எங்கள் நகரம் தேர்வாகியிருந்தது. நடுவர்கள் நவம்பரில் வருவார்கள். மேலேயிருந்து ட்ரோனில் படம் எடுப்பார்கள். இயக்குநர் முன்னேற்பாடாக ஒரு ட்ரோனை வரவழைத்து ஊரை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னய்யா இது, ஊரெல்லாம் முள்ளு முள்ளா?"

மொட்டை மாடிக் கம்பிகள். எங்கள் பக்கம் யாரும் வீட்டை முடிப்பதில்லை. பெண் குழந்தை பிறந்தால் முதலில் தொட்டில் வரும். அடுத்து, மாடியில் நான்கு மூலையிலும் தூணுக்கான முறுக்குக் கம்பிகள் ஆள் உயரத்துக்கு நிற்கும். அவள் கல்யாணத்துக்கு அந்தக் கம்பியிலிருந்து இன்னொரு தளம் எழும்பும். எழும்பாவிட்டால், கம்பி காத்திருக்கும். அசிமினா வீட்டு மாடியிலும் லெமோனியாவுக்காக முப்பது வருடமாகக் கம்பிகள் காத்திருந்தன. லெமோனியா வருவதாக இல்லை. கம்பிகளுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

"இந்த ஜனங்களுக்கு எதிர்காலத்தைப் பத்தி ஒரு சிந்தனையே கிடையாது," என்றார் இயக்குநர், கம்பிகளைப் பார்த்தபடி.

பதினைந்து நாளில் கம்பிகளை வெட்டும்படி ஊருக்கே அறிவிக்கை போனது. தலைப்பு: 'வான்கோட்டு ஒழுங்கு'. ஓடைத் தெருவில் எல்லோரும் வெட்டினார்கள். அசிமினாவின் பக்கத்து வீட்டுக்காரர், ரொட்டிக்கடை அனஸ்தாசிஸ், வெட்டிய இடத்தில் பூந்தொட்டி வைத்துப் புகைப்படமும் அனுப்பினார். அசிமினா மட்டும் வெட்டவில்லை. இரண்டாவது அறிவிக்கை. மூன்றாவது. கடைசியில், நேரில் போய்ப் பார்த்து, படிவம் நிரப்பி, வெட்டாதிருந்தால் ஆள் வைத்து வெட்ட வேண்டும் என்று முடிவானது.

அந்த நாள் அக்டோபர் இருபத்தாறு. தூய திமித்ரியோஸ் திருநாள். எங்கள் அலுவலகத்தில் ஆறு திமித்ரிஸ், ஒரு திமித்ரா. அந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியதால் அன்று பெயர்நாள் கொண்டாடுபவர்கள் இனிப்புப் பெட்டியோடு காலையில் வந்து, வாழ்த்து வாங்கிக்கொண்டு, பதினோரு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். வெள்ளக் கட்டுப்பாட்டறை பொறுப்பாளர் திமித்ரிஸ். அவருக்குப் பதில் ஆள் திமித்ரிஸ். அவசர தொலைபேசியை எடுக்க வேண்டியவள் திமித்ரா. ஆக, அன்று ஏழு பெட்டி இனிப்பு இருந்தது. தொலைபேசி எடுக்க ஆள் இல்லை. இயக்குநரைத் தவிர, வேறு பெயர் கொண்ட ஒரே பாவி நான். என்னிடம் படிவத்தைக் கொடுத்து ஓடைத் தெருவுக்கு அனுப்பினார்கள்.

ஊரில் தூறல்தான். மலைக்கு மேல் மட்டும் விடியலிலிருந்து கறுத்துக் கிடந்தது.

அசிமினா மாடியில் இருந்தாள். "மேல ஏறி வா தம்பி, ஏணி வழுக்கும், பாத்து," என்று கத்தினாள். வீட்டுச் சுவரோடு ஒட்டிய ஒல்லியான இரும்பு ஏணி. ஏறிப் போனேன். ஒரு மூலையில் நின்ற கம்பிகளில் மூன்றைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே ஓர் இரும்புக் குழாயைச் சொருகி, அதில் பெரிய கப்பி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். தடித்த கயிறு. கயிற்றின் நுனி கீழே, மாந்தோஸ் படுத்திருக்கும் அறையின் சன்னலுக்கு நேரே தொங்கியது. கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்னம்மா?"

"பாந்தேலிஸ் கிட்டேருந்து வாங்கினேன். நீங்க சாவி குடுக்கலன்னா நான் வேற ஏதாவது செய்யணும்ல?"

"அனுமதி வாங்கினீங்களா?"

"எதுக்கு?"

"கப்பிக்கு."

அவள் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். "தம்பி, உன் படிவத்துல கப்பின்னு ஒரு கட்டம் இருக்கா?"

பார்த்தேன். இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் எழுதத் தொடங்கினேன். 'க' எழுதி முடிப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் லாரி என்று நினைத்தேன். பிறகு நிறைய லாரிகள் என்று நினைத்தேன்.

தெரு உச்சியிலிருந்து எங்கள் வரைபடத்தில் இல்லாத ஓடை வந்தது.

பழுப்பாக, அவசரமே இல்லாததுபோல, முழுத் தெருவையும் அடைத்துக்கொண்டு வந்தது. அசிமினா ஏணியில் இறங்கவில்லை. விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கீழேயிருந்து அவள் குரல்: "கயிறப் பிடி! நான் சொல்லும்போது இழு!"

பிடித்தேன். பதினெட்டு வருட அரசுப் பணியில் ஒருவர் சொன்ன உடனே நான் செய்த முதல் வேலை அது.

"இன்னும் இல்ல... இருடா... கட்டுறேன்... மாந்தோஸ், தலையக் குனி... இப்ப! இழு!"

இழுத்தேன். அசையவில்லை. பக்கத்து மாடியிலிருந்து ரொட்டிக்கடை அனஸ்தாசிஸ் தாவி வந்தார். இருவரும் இழுத்தோம். சன்னல் வழியாக ஒரு சமையலறை நாற்காலி வெளியே வந்தது. அதில் சலவைக்கடையின் ஆறு படுக்கை விரிப்புகளால் கட்டப்பட்ட மாந்தோஸ். கால்விரலுக்கு இரண்டு சாண் கீழே தண்ணீர். ஆடி ஆடி மேலே வந்தார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார்.

"நகராட்சியா?" என்றார், வாயின் ஒரு பக்கத்தால்.

"ஆமாங்க."

"என்னை... மேல ஏத்துறதுக்கு... பதிவெண் உண்டா?"

அசிமினா மார்பளவு தண்ணீரில் நின்று ஏணியைப் பிடித்துவிட்டாள். மேலே வந்ததும் முதலில் அவர் கால்களைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தன. அதன்பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

அன்று அந்தக் கப்பியில் இன்னும் ஐந்து பேரை ஏற்றினோம். அனஸ்தாசிஸின் மாமியார் மேலே வந்த பிறகும் பூந்தொட்டிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்பது பேர், லெமோனியாவின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் நின்றோம். கீழே சலவை இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கடையைவிட்டு வெளியேறின. ஒருகட்டத்தில், இருபத்துமூன்று மனுக்களில் வர்ணிக்கப்பட்ட அதே குளிர்பெட்டி, தெரு நடுவே நிமிர்ந்த வாக்கில் மிதந்து போனது.

"அந்தா," என்றாள் அசிமினா. "எடுத்துட்டாங்க."

மறுநாள் இயக்குநர் நீலத் தொப்பியோடு வந்தார். துக்கத்திலும் அவர் முகத்தில் ஓர் ஒளி இருந்தது.

"திராசோ! நாம சொன்னோமா இல்லையா?"

"சொன்னோம் சார்."

"மலையிலேருந்து வரும்னு?"

"சொன்னோம்."

"மேலேருந்து?"

"அது விவாதத்துல இருந்துச்சு சார்."

அறிக்கை ஒரே வாரத்தில் தயாரானது. 'துறை முன்கணித்த நீல எதிர்காலம், கணித்தவாறே துல்லியமாக நிகழ்ந்தது.' மாடிக் கம்பிகள் 'முன்னரே நிறுவப்பட்ட மீட்பு நங்கூரங்கள்' ஆயின. மற்ற வீடுகளில் அவற்றை வெட்டச் சொன்ன அறிவிக்கை, 'ஒப்பீட்டு ஆய்வு' ஆயிற்று. நடுவர்கள் கப்பியைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். ஒருவருக்குக் கண் கலங்கியது. விருது எங்களுக்குத்தான்.

இன்னொரு முன்னேற்றமும் நேர்ந்தது. இவ்வளவு பேர் கண்ணால் பார்த்த பிறகு, ஓடைத் தெருவில் ஓடை இருப்பதை நகராட்சி ஒப்புக்கொண்டது. வரைபடத்தில் நீலக் கோடு போடப்பட்டது. ஆகவே முப்பத்துநான்கு வீடுகளுக்கும் இடிப்பு அறிவிக்கை போனது. அசிமினாவுக்கு அது கிடைத்த அதே வாரத்தில், விருது விழாவுக்கு வந்து மேடையேறும்படி அழைப்பிதழும் கிடைத்தது. இரண்டிலும் என் முத்திரைதான். அவர்கள் அப்போது பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கியிருந்தார்கள்; மாந்தோஸின் கட்டில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே இருந்தது.

வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். இரவல் கோட்டு, தோள் பெரிது. மாந்தோஸை முதல் வரிசையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள்.

இயக்குநர் இருபது நிமிடம் பேசினார். 'தொலைநோக்கு' ஒன்பது முறை வந்தது. பிறகு, "இந்த நகரம் தன் வீர மகளுக்குத் தரக்கூடிய ஆக உயர்ந்த மரியாதை!" என்று முழங்கி, ஊதா வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே பொன்முலாம் பூசிய, ஒரு முழ நீளமுள்ள, நகரத்தின் சாவி.

கைதட்டல் அடங்க நேரமானது. அசிமினா சாவியைக் கையில் எடுத்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பற்கள் வெறும் பூவேலை. ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். ஆனால் பேசியது, மேடையோரத்தில் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து.

"தம்பி, இது எந்தப் பூட்டத் திறக்கும்?"

கூட்டம் சிரித்தது. வெகுளித்தனம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"எதையும் திறக்காதும்மா," என்றேன். "மரியாதைக்காக."

"அப்ப நான் கேட்டது?"

ஒலிபெருக்கி அதையும் கேட்டு மண்டபம் முழுக்கச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டினார். வாசித்தார்கள்.

அவள் கேள்விக்கு மேடையில் பதில் சொல்ல முறை இல்லை. இங்கே பதிவு செய்கிறேன். வெள்ளம் போன நான்காம் நாள், அந்தக் கேட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கடற்கரையில் நாணல் குவியலுக்குள் கிடந்தது. கம்பிகள் வளைந்திருந்தன. பூட்டு மட்டும் அப்படியே பூட்டியிருந்தது. சேதமதிப்பீட்டுப் படிவத்தோடு என்னை அனுப்பியிருந்தார்கள். சுற்றிலும் யாருமில்லை. மூன்றாவது இழுப்பறைச் சாவியை எண்ணெய்த் துணியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஒரே திருப்பு. திறந்துகொண்டது.

எதிர்காலத்துக்கென்று எங்கள் துறை ஒரு குறையும் இல்லாமல் பாதுகாத்து வைத்த பொருள் அது ஒன்றுதான். படிவத்தில் அப்படியே எழுதினேன்: 'சாவி: நல்ல நிலையில் உள்ளது. பயன்படுத்தப்படவில்லை.'